எடுப்பைப் பார்த்துக் கடன் கொடுக்கலாமா?

கார்த்திகை தீபம் வந்தால் நம் திருவண்ணாமலையில் விடுதிகளும் ஓட்டல்களும் மூட்டை மூட்டையாகச் சரக்கு கேட்கும். பெரிய கட்டடம், ஏ.சி. அறை என்று பார்த்து நாமும் நோட்டில் எழுதிக்கொண்டு அனுப்பிவிடுகிறோம். இது சரிதானா?

ஒரு விமானக் கம்பெனியின் கதையைப் பாருங்கள். 2005இல் கோ ஏர் என்று தொடங்கி, கோ ஃபர்ஸ்ட் எனப் பெயர் மாறிய கம்பெனியிடம் 54 விமானங்கள் இருந்தன. என்ஜின் கிடைக்காமல் ஏறக்குறையப் பாதி தரையில் நிற்க, 2023 மே மாதம் அது திவால் மனு கொடுத்துப் பறப்பதையே நிறுத்தியது.

மேல்நாடுகளில் வேலையற்ற விமானங்களைப் பாலைவனத்தில் நிறுத்துவார்கள். உலர்ந்த காற்றில் உலோகம் அதிகம் அரிக்காது. இவையோ நம் விமான நிலையங்களில் ஓராண்டு வெயிலிலும் மழையிலும் கிடந்தன. விற்றுக் கடனை அடைக்கலாமே என்றால், அவை குத்தகை விமானங்கள்! உரிமையாளர்கள் திரும்பப் பெற 2024 ஏப்ரலில் டில்லி உயர் நீதிமன்றம் வழிவிட்டது. 2025 ஜனவரியில் கம்பெனியைக் கலைக்க உத்தரவாயிற்று.

2016 திவால் சட்டப்படி, மிஞ்சும் பணத்தில் ஈடு பெற்ற வங்கிக்கும் தொழிலாளர் சம்பளத்துக்கும் முன்னுரிமை. ஈடின்றிச் சரக்குக் கொடுத்த வியாபாரி பின்வரிசையில்தான் நிற்க வேண்டும்.

நம் ஊரிலும் கட்டடம் ஒருவருடையது, நடத்துபவர் வேறொருவர் என்பது உண்டு. ஆகவே இடம் சொந்தமா, வாடகையா என்று விசாரிப்போம். கடனுக்கு வரம்பு வைப்போம். பழைய பாக்கி தீர்ந்த பிறகே புதுச் சரக்கு. நாம் மறுத்தால் அடுத்த கடையில் கிடைக்கும் என்ற நிலை இருக்கும்வரை இது நடக்காது. சங்கத்தில் கூடிப் பேசி, தீபத்துக்கு முன்பே ஒரே முடிவுக்கு வருவோம்.