உரத்த குரலின் ஆயுள்

சிங்கப்பூரின் டோபி காட் வட்டாரத்தில் சங்கீதம் கற்றுக்கொள்ள விரும்புகிற பிள்ளைக்கு எவ்விதக் குறையும் இல்லை. முற்காலத்தில் இந்தியாவிலிருந்து வந்த சலவைத் தொழிலாளர் ஓடைநீரில் துணி துவைத்துத் திடலில் உலர்த்திய இந்த இடத்தில், 1974இல் திறக்கப்பெற்ற பிளாசா சிங்கப்பூராவினுள் யமஹா இசைப்பள்ளி நெடுங்காலமாகக் குழந்தைகளின் விரல்களைப் பியானோவில் பழக்கி வந்திருக்கிறது. சிறிது தூரம் நடந்தால், தேசிய கீதத்தை இயற்றிய சுபிர் சயீதின் பெயர் பூண்ட வீதியில் கலைப்பள்ளி கம்பீரமாக நிற்கிறது. மூன்று ரயில் தடங்கள் சந்திக்கும் நிலையத்தின் படிகளில், மாலை வேளையில், கித்தார்ப் பையைச் சுமந்து ஏறுகிற சிறுமியரைக் காண்பது அபூர்வமன்று. கற்பதற்கு இடம் இருக்கிறது. கத்துவதற்கு இடம் இருக்கிறதா என்பதே என் கேள்வி.

விளையாட்டாகக் கேட்கவில்லை. அந்தச் சிறுமியருள் தமிழ்க் குடும்பத்துப் பெண் ஒருத்தி, பரீட்சைகளெல்லாம் தேறியபின், தான் ஹெவி மெட்டல் பாடப் போவதாகவும், அறுபது வயதானாலும் அதையே பாடிக்கொண்டிருக்கப் போவதாகவும் வீட்டில் அறிவித்தால், தகப்பனார் பத்திரிகையைக் கீழே வைப்பார். தாயார் அடுப்பை அணைப்பார். இது வயசுக் கோளாறு, ஒரு கால்கட்டுப் போட்டால் தானாய்த் தெளியும் என்று பாட்டி சமாதானம் சொல்வாள். தெளியாது என்பதற்கும், தெளிய வேண்டிய நோயே அன்று என்பதற்கும் பிரத்தியட்ச சாட்சியாக ஜெர்மனியில் ஒரு பெண்மணி இருக்கிறார். அவருடைய சரித்திரத்தை நம்மவர் சற்று நிதானமாக அறிந்துகொள்வது நலம் என்பது என் அபிப்பிராயம்.

டோரோ பெஷ் 1964ஆம் ஆண்டு ஜூன் 3ஆம் நாள் டுஸ்ஸல்டார்ஃப் நகரத்தில், லாரி ஓட்டுநர் ஒருவரின் மகளாகப் பிறந்தவர். பதின்பருவத்தில் கடுமையான க்ஷயரோகம் அவரைப் பற்றி நெடுநாள் ஆஸ்பத்திரியில் கிடத்தியது. பிழைத்தெழுந்தால் பாட்டே தம் ஜீவிதம் என்று அப்படுக்கையில் நிச்சயித்துக்கொண்டதாக அவரே பேட்டிகளில் கூறியிருக்கிறார். நோயுற்ற நுரையீரலை வைத்துக்கொண்டு, உலகிலேயே அதிக மூச்சைக் கோரும் பாட்டு வகைகளுள் ஒன்றை அவர் தேர்ந்தது வேடிக்கைதான். 1980இல் உள்ளூர்க் குழுவொன்றில் பாடத் தொடங்கி, வரைகலைத் தொழிலால் ஜீவனம் செய்துகொண்டே, 1982இல் உருவான வார்லாக் என்னும் குழுவின் பாடகியானார். 1984இல் அவர்களுடைய முதல் இசைத்தட்டு வெளிவந்தது. 1986 ஆகஸ்ட் 16ஆம் நாள், இங்கிலாந்தின் டோனிங்டனில், ஆஸி ஆஸ்பர்ன், ஸ்கார்ப்பியன்ஸ், மோட்டார்ஹெட் முதலிய பெருங்குழுக்கள் கூடிய 'மான்ஸ்டர்ஸ் ஆஃப் ராக்' விழாவில் வார்லாக் ஏறியபோது, அம்மேடையில் ஒரு மெட்டல் குழுவுக்கு முன்னின்று பாடிய முதற்பெண் என்ற கீர்த்தி, இருபத்திரண்டே வயதான டோரோவை வந்தடைந்தது. மறுவருஷம் நியூயார்க்கில் பதிவான 'டிரையம்ப் அண்ட் அகனி' அவரை அமெரிக்காவுக்கும் அறிமுகப்படுத்திற்று.

இந்த இடத்தோடு நின்றிருந்தால், இளமையில் பளிச்சிட்டு அணைந்த பலருள் அவரும் ஒருவராகியிருப்பார். அவரைப் பற்றி எழுத எனக்கும் விசேஷ முகாந்திரம் இராது. நான் மதிக்கும் அத்தியாயம் இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. குழுவின் முன்னாள் நிர்வாகியோடு நேர்ந்த சட்டத் தகராறில் வார்லாக் என்ற பெயரின் உரிமையே அவர் கையைவிட்டுப் போயிற்று. நடப்பு வெற்றியின் உச்சியில், ரசிகர் அறிந்த ஒரே பெயரை இழந்து, 1989 முதல் தம் சொந்தப் பெயரில் கடையை மறுபடி திறக்க வேண்டியவரானார். திறந்த வேளையும் நல்ல வேளையன்று. அமெரிக்காவின் சியாட்டில் நகரிலிருந்து புறப்பட்ட வேறொரு ராக் பாணி தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்கும் பரவவே, தோலாடையும் இரும்பாணியும் பூண்ட பழைய மெட்டல் ஒரே இரவில் பத்தாம்பசலி ஆயிற்று. அவருடைய இசைத்தட்டுகள் அந்நாட்டில் வெளிவருவதே நின்றது. பாணியை மாற்றிக்கொண்டவர் உண்டு. வேறு தொழில் பார்த்தவர் உண்டு. டோரோ ஐரோப்பாவின் கூடங்களில், வந்த கூட்டம் பெரிதோ சிறிதோ, பாடிக்கொண்டேயிருந்தார். 2000ஆம் ஆண்டில் மெட்டல் பாடகர் ரோனி ஜேம்ஸ் டியோவின் சுற்றுப்பயணத்தில் சேர்ந்து அமெரிக்க மேடைகளுக்கு மீண்டார். பறிபோன பெயரின் உரிமை 2011இல் திரும்பிவந்தது. ஏறக்குறைய இருபத்திரண்டு வருஷ வனவாசம்; பாண்டவர்களுக்கே பதின்மூன்றுதான்.

2023 அக்டோபரில், ஐம்பத்தொன்பதாம் வயதில், 'காங்க்வரஸ்' என்று தொடங்கும் தலைப்பில் புதிய இசைத்தட்டை அவர் வெளியிட்டார். அவர் பாடியவை யாவும் உயர்ந்தவை என்று நான் வாதாடமாட்டேன். பாடல்களின் வாசகம் பெரும்பாலும் எளியது. வீரம், விசுவாசம், என்றென்றைக்கும் என்ற மூன்று எண்ணங்களையே சுற்றிச் சுற்றி வருவது. சில தட்டுகளைக் கேட்கையில் முந்தியதையே கேட்கிறோமோ என்று சந்தேகம் தோன்றும். ஆனால் அவர் முயற்சி புதுமையைப் பற்றியதன்று. வருஷந்தோறும் தன்னை நாடிவருகிற ஜனங்களுக்கு, அவர்கள் நாடிவருகிற அந்த ஒன்றைக் குறையாமல் கொடுப்பது என்ற தர்மத்தை அவர் கைக்கொண்டார். குடும்பம் அமைத்துக்கொள்ளாததற்கும் அதையே காரணமாகச் சொன்னார். ஆண் பாடகர் இப்படிச் சொன்னால் அர்ப்பணிப்பு என்போம். பெண் சொன்னால் ஐயோ பாவம் என்கிறோம்.

இனி, நம் வீட்டுப் பெரியவர்களின் ஆட்சேபத்துக்கு வருகிறேன். பெண் இப்படித் தொண்டை கிழியப் பாடலாமா என்பதே அது. நம்மவரின் ஞாபகசக்தி இவ்விஷயத்தில் மிகவும் சௌகரியமானது. ஒலிபெருக்கி இல்லாத நாடகக் கொட்டகையில், விடியவிடிய விழித்திருக்கும் ஜனசமுத்திரத்தின் கடைசி வரிசைவரை தம் சாரீரத்தை எட்டச்செய்த கொடுமுடி கே.பி. சுந்தராம்பாள் பெண்தானே? 1935இல் 'நந்தனார்' படத்தில் அவர் ஆண்வேடம் பூண்டு பாட, லட்ச ரூபாய் சம்பளம் என்று நாடே பேசிற்று. 1953இல் 'ஔவையார்', 1965இல் 'திருவிளையாடல்' என்று முதுமைவரை அக்குரல் தேய்ந்ததே இல்லை. அவர் குரலை இனிமையென்று மட்டும் வர்ணிப்பவர் அதைச் சரியாகக் கேட்டவரல்லர். செவியில் வந்து மோதுகிற குரல் அது. ஆனால் கணவர் கிட்டப்பா 1933இல் மறைந்தபின் அவர் வெள்ளைக் கதருடுத்தித் திருநீறு பூசியிருந்தார், தெய்வத்தைப் பாடினார். ஆகவே அந்த உரத்த குரலை நாம் மன்னித்தோம், பிற்பாடு பூஜித்தோம்.

மன்னிக்கப்படாத குரலுக்கும் உதாரணம் உண்டு. எல்.ஆர். ஈஸ்வரி, கோரஸ் பாடிய தாயாரோடு ஒலிப்பதிவுக் கூடத்துக்குச் சென்று, ஐம்பதுகளின் பிற்பகுதியில் பின்னணி பாடத் தொடங்கியவர். உறுமலும் சிரிப்பும் விக்கலும் கூவலும் அவர் பாட்டில் ஸ்வரங்களுக்குச் சமமான அந்தஸ்து பெற்றன; ஒரு ராக் பாடகி எதையெல்லாம் குரலால் செய்வாளோ, அதையெல்லாம் கோடம்பாக்கத்தில் அவர் அன்றே செய்தார். அதற்கு நாம் அளித்த வெகுமதி, கதாநாயகிக்கு ஒரு குரல், கிளப்பில் ஆடுகிறவளுக்கு இவர் குரல் என்று பாகப்பிரிவினை செய்ததுதான். அதே ஈஸ்வரி மாரியம்மன் பாட்டுகளைப் பாடியபோது மட்டும், அவர் பிறப்பால் கிறிஸ்துவர் என்பதையும் பாராட்டாமல், ஆடி மாதமெல்லாம் கோயில் குழாய்களில் கட்டிப் போற்றினோம். சிராங்கூன் சாலையில் கடைகடையாக நடந்தவர் யாரும் அக்குரலைக் கேளாமல் அச்சாலையைக் கடந்திருக்க முடியாது. 2011இல் 'ஒஸ்தி' படத்திலும், 2020இல் 'மூக்குத்தி அம்மன்' படத்திலும், எழுபதைக் கடந்தும் எண்பதை எட்டியும், அவர் பாடினார். அறுபதாண்டுகளுக்கு மேற்பட்ட இந்தப் பாட்டுத் தொழிலை ஒரு முழுச் சரித்திரமாக எழுதிவைக்க நம்மவர் இன்னும் முனையவில்லை. துக்கடாக்களாகவே நினைவில் வைத்திருக்கிறோம்.

ஆக, பெண்ணின் உரத்த குரல் நமக்கு அந்நியமன்று. பக்தியாகவோ ஒப்பாரியாகவோ வந்தால் அது சம்மதம். கோபமாக, குதூகலமாக, காரணமே சொல்லாத வெறும் பலமாக வந்தால் சம்மதமில்லை.

தொண்டை கெட்டுவிடும் என்ற பயமும் சொல்லப்படுகிறது. முறையின்றிக் கத்தினால் கெடத்தான் செய்யும். முறையின்றிக் கீர்த்தனை பாடினாலும் கெடும். மெட்டலில் கேட்கிற அந்த உறுமல், பெரும்பாலும் மெய்யான குரல்நாண்களுக்கு மேலேயுள்ள மடிப்புகளை அதிரவிட்டு, அடிவயிற்றிலிருந்து மூச்சைத் தாங்கி எழுப்பப்படுவது. தொண்டையை நெரித்து எழுப்புகிறவர் நாலாவது பாட்டில் ஊமையாவார். இதைக் கற்பிப்பதையே தொழிலாகக் கொண்ட மெலிசா கிராஸ் என்ற ஆசிரியை நியூயார்க்கில் இருக்கிறார். ஸ்வீடனின் ஆர்ச் எனிமி குழுவில் 2000 முதல் உறுமிப் பாடிய ஏஞ்சலா காஸோ, 2014இல் விலகி அக்குழுவின் நிர்வாகத்தைக் கவனிக்கச் சென்றபோது, அவ்விடத்துக்கு வந்தவரும் அலிஸா ஒயிட்-கிளஸ் என்ற பெண்ணே. நம் வித்துவான்கள் விடியற்காலையில் கழுத்தளவு நீரில் நின்று சாதகம் செய்த கதைகளைப் பெருமையாகச் சொல்லுகிற நாம், இந்தச் சாதகத்தை மட்டும் கூச்சல் என்று தள்ளுவது நியாயமாகத் தோன்றவில்லை.

சிங்கப்பூரின் சரித்திரத்திலும் இவ்விசை சுகப்பட்டு வளர்ந்ததில்லை. 1972இல், தலைமயிர் நீளமென்ற ஒரே காரணத்தால், லெட் செப்பலின் குழு இங்கே பாடாமல் திரும்ப நேர்ந்தது. 2019 மார்ச்சில் ஸ்வீடன் குழு ஒன்றின் நிகழ்ச்சி, மதவுணர்வைப் புண்படுத்தக்கூடும் என்று, நடக்கவிருந்த அன்றைக்கே ரத்தாயிற்று. பல சமயத்தார் நெருங்கி வாழும் ஊரில் அரசாங்கத்தின் கவலை எனக்கு விளங்காமலில்லை. ஆனால் மெட்டல் என்றாலே நாஸ்திகம் என்று எண்ணுகிறவர்கள், 1992இல் இங்கேயே தோன்றி, கதிரசன் பாட, வேதாந்தத்தையும் சம்ஸ்கிருத மந்திரங்களையும் அவ்விசையில் ஏற்றி உலக ரசிகர்களைப் பெற்ற ருத்ரா குழுவைக் கேட்டுப் பார்க்க வேண்டும். நம்மவர் மூன்று தசாப்தங்களாகச் செய்துவரும் காரியத்தை நம் குடும்பங்களில் எத்தனை பேர் அறிவர்?

குரல் நெடுநாள் வாழவேண்டுமானால் முதலில் சிறிய மேடைகளில் தடுமாறிப் பழக வேண்டும். டோரோவுக்கு டுஸ்ஸல்டார்ஃபின் சிற்றரங்குகள் இருந்தன. டோபி காட்டிலிருந்து பத்து நிமிஷ நடையில், ஆர்மீனியன் தெருவில், பழைய மின்நிலையக் கட்டடத்தில் நாடகாசிரியர் குவோ பாவ் குன் 1990இல் நிறுவிய சப்ஸ்டேஷன் என்ற கலை நிலையம், நாடகக்காரர்களோடு பங்க் குழுக்களுக்கும் மெட்டல் குழுக்களுக்கும் அத்தகைய புகலிடமாக இருந்தது. 2021இல் அந்த ஸ்தாபனம் அக்கட்டடத்தை விட்டு நீங்கிற்று. கட்டடத்துக்குச் செலவாகும் பணத்தை எண்ணிச் சொல்லிவிடலாம்; அங்கே பாடிக் கெட்டுப் பின் தேறியிருக்கக்கூடிய குரல்களை எந்தக் கணக்கில் எழுதுவது?

அண்டை நாடுகளைப் பார்த்தாவது நாம் தெளியலாம். எல்லா என்ற பெயரால் அறியப்படும் நோர்சிலா அமினுதீனை மலேசியர் ராக் ராணி என்றே கொண்டாடி, 1998இல் கோலாலம்பூரில் நடந்த காமன்வெல்த் விளையாட்டுக்கான பாட்டை அவரிடமே ஒப்படைத்தார்கள். இந்தோனேசியாவின் காரூட் என்னும் ஊரில், 2014இல், முக்காடணிந்த மூன்று பள்ளி மாணவிகள் வாய்ஸ் ஆஃப் பேசெப்ரோட் என்ற மெட்டல் குழுவைத் தொடங்கினார்கள்; ஏச்சும் மிரட்டலும் வந்தன; பத்தாண்டு கழித்து அவர்கள் இங்கிலாந்தின் கிளாஸ்டன்பரி விழாவில் பாடினார்கள். அவர்களைத் தொடங்கிவைத்தவர், தம் பள்ளியிலேயே அவ்விசையை அறிமுகப்படுத்திய ஆசிரியர் ஒருவர்.

நம்மிடம் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். ஏப்ரல் தோறும் தமிழ்மொழி விழா நடக்கிறது. பேட்டைதோறும் சமூக மன்றங்களும் அவற்றின் நற்பணிச் செயற்குழுக்களும் இருக்கின்றன. பட்டிமன்றத்துக்கும் பரதத்துக்கும் ஒதுக்குகிற மாலைகளுள் ஒன்றே ஒன்றை, தரமான ஒலிபெருக்கியும் ஒரு டிரம் செட்டும் கொடுத்து, தமிழில் உரக்கப் பாட விரும்புகிற பெண்பிள்ளைகளுக்கு ஒதுக்குங்கள் என்று அவற்றின் நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறேன். முதல் வருஷம் பாட்டு சுமாராகத்தான் இருக்கும். கூட்டமும் சொற்பமாகவே வரும். அதைக் காரணமாகக் காட்டி மறுவருஷம் நிறுத்திவிடாதீர்கள்.