நமக்கென்று ஓர் அரைமணி ஓட்டம்

ஓட்டம் என்று சொன்னால் நம் தோட்டத்து மக்களில் பலருக்குச் சிரிப்பு வருகிறது. "விடியுமுன் எழுந்து, பெரட்டில் நின்று, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு ஐந்நூறு மரத்தைச் சுற்றி வருகிறவனுக்கு இனி ஓட்டம் ஒன்றுதான் குறைச்சலோ?" என்று கேட்கின்றனர். கிராணிமார் சொல்வது வேறு விதம். "எட்டு மணி நேரம் நாற்காலியில் குந்தி எழும்பும்போது முதுகே நிமிர மறுக்கிறது, ஓடுவதற்குத் தெம்பு எங்கே இருக்கிறது?" என்கின்றனர். ஒருவருக்கு உழைப்பு மிகுதி, மற்றவருக்கு அசைவு குறைவு. இருவரும் வந்து சேரும் முடிவோ ஒன்றுதான்: ஓட்டம் நமக்கில்லை, அது வசதி படைத்தோரின் பொழுதுபோக்கு.

இந்த முடிவை நாம் ஏற்பதற்கில்லை.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு ஆயர் குரோ பக்கம் போய்ப் பாருங்கள். தாவரவியல் பூங்காவைச் சுற்றிலும், ஏரிக்கரை ஓரத்திலும், மரநிழல் பாதைகளிலும் கூட்டங்கூட்டமாக ஓடிக்கொண்டிருப்பர். காரில் வந்து இறங்கி ஓடுவர். ஓடி முடித்துக் காரில் ஏறிப் பசியாறப் போவர். அவர்களில் நம்மவர் அறவே இல்லை என்று சொல்லமாட்டோம். ஆசிரியர்களைக் காண்கிறோம், தாதியரைக் காண்கிறோம். ஆனால் பால்மரம் வெட்டுவோரை, ஆலையில் இரவு வேலை பார்ப்போரை, கேட்டில் நிற்கும் காவற்காரரை அங்கே காண்பது அரிது. பூங்காவின் பாதைக்கு ஓடுகிறவன் சம்பளம் தெரியாது. அவன் எந்த லயத்திலிருந்து வந்தான் என்றும் அது கேட்பதில்லை. பின் ஏன் நாம் அங்கு இல்லை?

"நம் வேலையே போதுமான தேகப்பயிற்சி" என்ற எண்ணம் நம்மிடையே ஆழ வேரூன்றியிருப்பதே முதற் காரணம். இதைச் சற்று விரிவாகவே ஆராய வேண்டும். ஏனெனில் இதில் பாதி உண்மை இருக்கிறது.

1953ஆம் ஆண்டு லண்டன் மாநகரில் ஜெர்ரி மோரிஸ் என்ற மருத்துவரும் அவர் தோழர்களும் பஸ் தொழிலாளரைப் பற்றிய ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டனர். இரண்டு தட்டுப் பஸ்களில் ஓட்டுநர் நாள் முழுதும் உட்கார்ந்திருப்பார். கண்டக்டரோ மேல் தட்டுக்கும் கீழ் தட்டுக்கும் படியேறி இறங்கிக்கொண்டேயிருப்பார். ஒரே கம்பெனி, ஒரே பஸ், ஏறக்குறைய ஒரே வாழ்க்கை. ஆயினும் மாரடைப்பு உட்கார்ந்திருந்த ஓட்டுநரையே அதிகம் தாக்கியது. கிராணிமார் இதைக் குறித்து வைத்துக்கொள்வது நல்லது. நாற்காலி என்பது வெயிலும் மழையும் படாத இடமாயிருக்கலாம். ஆபத்துப் படாத இடமன்று.

"பார்த்தீர்களா, கண்டக்டரின் வேலையே அவரைக் காத்தது, எங்களுக்கும் அப்படித்தானே?" என்று பால்வெட்டும் தோழர் உடனே கேட்பார். அங்கேதான் விஷயம் இருக்கிறது. 2021ஆம் ஆண்டு டென்மார்க் நாட்டு ஆராய்ச்சியாளர் மற்றோர் ஆராய்ச்சியை வெளியிட்டனர். கோபன்ஹேகன் பகுதியில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆண் பெண்களைப் பல ஆண்டுகள் கவனித்து வந்தவர்கள் அவர்கள். ஓய்வு நேரத்தில் உடலை அசைத்தவர்களுக்கு இருதய நோயும் மரணமும் குறைந்திருந்தன. வேலையில் அதிகமாக உடலை வருத்தியவர்களுக்கோ அவை கூடியிருந்தன! ஒரே கால், ஒரே இருதயம். கம்பெனிக்காக உழைத்தால் தேய்கிறது, தனக்காக அசைந்தால் தேறுகிறது.

இது மாயமன்று. ஓடுகிறவன் இருபது, முப்பது நிமிடம் இருதயத்தை நன்றாக வேலை வாங்குகிறான். பிறகு ஓய்வு கொடுக்கிறான். மூச்சு முட்டினால் நிற்கிறான். வேண்டுமென்றால் நடக்கிறான். மரம் வெட்டுகிறவன் நிலை அப்படியா? நாலடி நடை, ஒரு குனிவு, கழுத்தை ஒருபுறம் சாய்த்து உளியை இழுப்பது, மீண்டும் நாலடி நடை. பிறகு பால் வாளிகளின் பாரம். இருதயம் பலப்படும் அளவுக்கு வேகமும் இல்லை, களைப்புத் தீரும் அளவுக்கு ஓய்வும் இல்லை. ஒரே தோள், ஒரே முழங்கால், ஒரே இடுப்பு நாள்தோறும் தேய்கின்றன. நிறுத்தும் அதிகாரமும் அவன் கையில் இல்லை. உழைப்பு வேறு, பயிற்சி வேறு என்று நாம் சொல்வது இதனால்தான்.

நோயைப் பற்றியும் ஒளிக்காமல் பேசிவிடுவோம். நம் நாட்டில் 2019ஆம் ஆண்டு எடுத்த தேசிய சுகாதார ஆய்வின்படி, பெரியவர்களில் நூற்றுக்கு 18 பேருக்கு இனிப்புநீர் இருந்தது. இந்திய வம்சாவளியினரிடையே மட்டும் கணக்கிட்டால் நூற்றுக்கு 31 பேர்! ஏறக்குறைய மூவரில் ஒருவர். எந்த லயத்திலும் எந்தத் தாமானிலும் மூன்று வீட்டுக் கதவைத் தட்டினால், விரல் இழந்த ஒருவரோ, கண் மங்கிய ஒருவரோ, வாரம் மும்முறை இரத்தச் சுத்திகரிப்புக்குப் போகும் ஒருவரோ இருக்கிறார். காடழித்து ரப்பர் நட்ட காலத்தில் மலேரியா நம்மைத் தின்றது. இன்று சீனி தின்கிறது. மலேரியாவுக்குக் கொய்னா கொடுத்தார்கள். இதற்கு மாத்திரையோடு கால்களும் வேலை செய்தாக வேண்டும். ஓடும்போது தசைநார்கள் இரத்தத்திலுள்ள சீனியை உறிஞ்சி எரிக்கின்றன. ஓடி முடித்த பிறகும் பல மணி நேரம் அவ்வேலை நடக்கிறது. ஒருநாள் ஓடிவிட்டு ஒரு வாரம் படுத்திருந்தால் அப்பலன் கரைந்துபோகும் என்பதையும் சொல்லிவைக்கிறோம்.

ஆனால் நோய்க்குப் பயந்து மட்டும் ஓடச் சொன்னால் யார் ஓடுவர்? பயம் இரண்டு வாரம் ஓடவைக்கும். அதற்குமேல் ஓடவைப்பது இன்பம்தான். அந்த இன்பம் முதல் நாள் வராது. முதல் நாள் நெஞ்சு அடைக்கும், விலா குத்தும், "நமக்கேன் இந்த வேலை?" என்று தோன்றும். மூன்றாம் நாலாம் வாரத்தில் ஒரு மாலை, கால்கள் தாமே ஒரு தாளத்தில் விழுவதும், மூச்சு அந்தத் தாளத்தோடு இணைவதும் தெரியும். மண்டோர் திட்டியது, கடைக்காரன் பாக்கி கேட்டது, பிள்ளையின் பள்ளிக் கட்டணம் எல்லாம் இருக்கவே இருக்கின்றன. ஆனால் அவை சற்றுத் தள்ளி நிற்கின்றன. அன்றிரவு தூக்கம் வேறு மாதிரி வருகிறது. பசி வேறு மாதிரி எடுக்கிறது. சம்பள நாளன்று சாராயக் கடைப் பக்கம் திரும்பும் கால், மறுநாள் ஓட்டத்தை எண்ணித் தயங்குவதும் உண்டு. தயங்காத கால்களும் உண்டுதான். பொய் சொல்ல நாம் விரும்பவில்லை.

இன்னொன்றும் உண்டு. தோட்டத்தில் நாம் செய்வதெல்லாம் செக்ரோலில் ஏறுகிறது. எத்தனை மரம், எத்தனை கிலோ பால், எத்தனை நாள் வேலை. ஓடிய தூரம் எந்தச் செக்ரோலிலும் ஏறாது. சென்ற மாதம் லயத்திலிருந்து கோயில் வரை ஓடமுடியாதவன், இந்த மாதம் கோயிலைத் தாண்டிப் பாலம் வரை ஓடினான் என்றால், அந்தக் கணக்கு அவன் ஒருவனுக்கே தெரிந்த கணக்கு. அதில் யாரும் பிடித்தம் செய்யமுடியாது.

ஓட்டம் நம்மினத்துக்குப் புதியதுமன்று. 1960ஆம் ஆண்டு ரோமாபுரி ஒலிம்பிக்கில் மலாயாவின் சார்பில் ஓடிய மணி ஜெகதீசனுக்கு அப்போது வயது 16. 1966ஆம் ஆண்டு பாங்காக் ஆசிய விளையாட்டில் 100 மீட்டர், 200 மீட்டர், அஞ்சல் ஓட்டம் ஆகிய மூன்றிலும் தங்கம் பெற்றார். அதே பாங்காக்கில் பெண்கள் 400 மீட்டரில் தங்கம் வென்றவர் மு. ராஜாமணி. நாட்டின் சிறந்த விளையாட்டு வீரர், வீராங்கனை விருதுகள் முதன்முதலாக வழங்கப்பட்ட அந்த ஆண்டில், இரண்டையும் பெற்றவர்கள் இவ்விரு தமிழர்களே. மருத்துவமும் படித்துத் தேறிய ஜெகதீசனைப் 'பறக்கும் டாக்டர்' என்றனர். 1968இல் மெக்சிகோ ஒலிம்பிக்கில் 200 மீட்டரை 20.92 வினாடியில் அவர் ஓடினார். அந்தத் தேசியச் சாதனை 49 ஆண்டுகள் அசையாமல் நின்றது. 2017இல் அதை முறியடித்தவர் யார் தெரியுமா? நமது மலாக்காவின் பிள்ளை, கைருல் ஹபீஸ் ஜந்தான்! தமிழர் வைத்த சாதனையை மலாய்ச் சகோதரர் முறியடித்தார். மலாக்காக்காரர் என்ற முறையில் நமக்கு இரண்டிலும் பெருமைதான்.

ஜெகதீசன் ஓடிய அதே ரோமாபுரியில் மாரத்தான் ஓட்டத்தை வென்றவர் எத்தியோப்பியச் சிப்பாய் அபேபே பிகிலா. சப்பாத்தே இல்லாமல், கல் பாவிய தெருவில், வெறுங்காலோடு 42 கிலோமீட்டர் ஓடி முதலில் வந்தார். நாம் அப்படி ஓடச் சொல்லவில்லை. இனிப்புநீர் உள்ளவர்கள் வெறுங்காலோடு ஓடவே கூடாது. சிறு கீறல் பெரும் புண்ணாகும். விலையுயர்ந்த சப்பாத்து இல்லை என்பது ஓடாமலிருக்கக் காரணமாகாது என்பதே நாம் சொல்ல வந்தது. நாம் காட்டுக்குப் போட்டுக்கொண்டு போகும் கறுப்பு ரப்பர்ச் சப்பாத்தை, 'அடிடாஸ் கம்போங்' என்று கேலியும் அன்பும் கலந்து அழைக்கிறோமே, அதை மலையோட்டக்காரர்கள் தேடி வாங்கிப் போடுகிறார்கள், சேற்றில் வழுக்காதாம். 1896இல் மலாக்கா புக்கிட் லிந்தாங்கில் டான் சே யான் ரப்பர் நட்ட நாள் முதல், ஊரார் காலுக்கடியில் கிடக்கும் ரப்பரை நாம் வடித்துக் கொடுத்து வருகிறோம். நம் காலுக்கும் கொஞ்சம் மிஞ்சட்டும். தார்ச் சாலையில் ஓடுவோர் மட்டும் மெத்தென்ற அடிப்பாகமுள்ள சப்பாத்தைப் போடுவது முழங்காலுக்கு நல்லது.

நாற்பதைத் தாண்டியவர்கள் "இனி என்ன" என்கின்றனர். 2021இல் தமிழ்நாட்டின் சுகாதார அமைச்சரான மா. சுப்பிரமணியம் 2004இல் சாலை விபத்தில் காலில் பலத்த காயமடைந்தவர்; இனிப்புநீரும் உள்ளவர். அவர் நூற்றுக்கும் மேற்பட்ட அரை மாரத்தான்களை ஓடி முடித்திருக்கிறார். அரை மாரத்தான் என்பது 21 கிலோமீட்டர். நமக்கு அவ்வளவு வேண்டாம். வேகமான பயிற்சியாயின் வாரத்துக்கு 75 நிமிடம் போதும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம்; மூன்று நாளைக்கு இருபத்தைந்து நிமிடம். ஒரு நிமிடம் ஓடி இரண்டு நிமிடம் நடந்து தொடங்குங்கள். பக்கத்தில் ஓடுகிறவனோடு பேச முடியாத அளவுக்கு மூச்சு வாங்கினால் வேகம் அதிகம் என்று அறிக. நெஞ்சு வலி கண்டவர்களும் இன்சுலின் ஊசி போடுவோரும் டாக்டரைக் கேட்ட பிறகே ஓடவேண்டும். இன்சுலின்காரர் சட்டையில் இரண்டு மிட்டாய் வைத்திருக்கட்டும். புகைமூட்டக் காலத்தில், காற்றின் குறியீடு நூறைத் தாண்டிய நாளில் வீட்டிலேயே இருங்கள். தெருநாய்களுக்கு நாம் அறிந்த வழி, ஓட்டத்தை நிறுத்தி மெல்ல நடந்து கடப்பதுதான்.

இனி நிருவாகத்தார் பக்கம். "ஓடச் சக்தியிருந்தால் இன்னும் ஐம்பது மரம் வெட்டலாமே!" என்று எவராவது சொல்லக்கூடும் என்று முதிய தோழர்கள் அஞ்சுகின்றனர். அவர்கள் அச்சத்தை நாம் எள்ளவில்லை. அனுபவத்தில் பிறந்தது அது. அதற்கு நமது பதில், டென்மார்க் ஆராய்ச்சி தொழிலாளியை மட்டும் குறித்துப் பேசவில்லை என்பதே. நீண்ட நேர உழைப்பும் ஓய்வின்மையும் உடலைக் கெடுக்கின்றன என்றால், வேலை நேரம் ஒரு சுகாதாரப் பிரச்சினையாகிறது. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் வாரத்தில் ஒரு நாள் ஓய்வை உரிமையாக்கியது. 48 மணி நேர வாரத்தை 45 மணியாகக் குறைத்த திருத்தம் 2023 ஜனவரி முதல் நடப்புக்கு வந்தது. அந்த மூன்று மணி நேரம் உண்மையிலேயே நம் கைக்கு வந்திருக்கிறதா, ஓவர்டைம் என்ற பெயரில் திரும்பிப் போய்விட்டதா என்று ஒவ்வொரு கிளையும் கேட்கவேண்டும். வந்திருந்தால், அதில் பாதியைக் கால்களுக்குக் கொடுக்கலாம். தோட்டத்துத் திடலில் செம்பனைக் கன்றுகளை நட இடம் தேடுவோர் வரும்போது, "பந்து விளையாட இப்போது பையன்கள் இல்லையே" என்ற காரணம் சொல்லப்படும். திடலைச் சுற்றித் தினமும் பத்துப் பேர் ஓடிக்கொண்டிருந்தால் அந்தக் காரணம் எடுபடாது.

பெண்களைப் பற்றிச் சொல்லாமல் விடுவதற்கில்லை. ஆணோடு சமமாக மரம் வெட்டிவிட்டு வீட்டுக்கு வந்து அடுப்பு, துணி, பிள்ளை என்று இரண்டாம் பெரட்டுக்கு நிற்பவர்கள் அவர்கள். அவர்கள் சாலையில் ஓடினால் நாலு பேர் பார்த்துச் சிரிப்பர் என்ற தயக்கமும் உண்டு. ராஜாமணி ஓடி அறுபது ஆண்டுகளுக்குப் பிறகும் இத்தயக்கம் இருப்பது நமக்கு வெட்கம். நாலைந்து பெண்கள் சேர்ந்து புறப்பட்டால் சிரிப்பவன் வாயடைத்துப் போவான். இருட்டும் முன் திரும்பத் திடலில் ஒரு விளக்குக் கம்பம் கேட்பது கிளைக் கமிட்டியின் வேலை. அந்த அரைமணி நேரம் சோறு வடிப்பது யார் என்பதை மட்டும் வீட்டிலேயே பேசித் தீர்த்துக்கொள்ளலாம். அதற்குச் சங்கக் கூட்டம் தேவையில்லை.