காற்றை ஜெயிக்கக் கடன் எதுக்கு?

நீச்சல், சைக்கிள், ஓட்டம் - மூன்றையும் ஒரே மூச்சில் முடிக்க வேண்டிய போட்டிதான் டிரையத்லான். 1978-ல் ஹவாயில் முதல் 'அயர்ன்மேன்' நடந்தது. 2000-ல் சிட்னி ஒலிம்பிக்கில் டிரையத்லான் இடம்பிடித்தது. 2019-ல் கோவாவுக்கு 'அயர்ன்மேன் 70.3' வந்தது. அதில் சைக்கிள் மட்டும் 90 கி.மீ.! நம்ம பசங்களுக்கும் இந்த ஆசை வந்திருக்கு. நல்ல ஆசைதான். ஆனா கூடவே ஒரு மூடநம்பிக்கையும் வந்திருக்கு: "கார்பன் வீல் இல்லாம அங்க போய் நிக்க முடியாது." இதை நம்பி ஒருத்தன் வட்டிக்கு வாங்குறான், இன்னொருத்தன் பேர் கொடுக்காமலே ஒதுங்கிடறான். வாழவந்தி மலைக்காரன், மெக்கானிக்கல் மாணவன் என்ற இரண்டு உரிமையிலும் சொல்றேன்: இரண்டுமே வேண்டாம்.

நாம் படிச்ச பாடத்தையே எடுப்போம். வேகம் இரண்டு மடங்கானால் காற்றுத்தடை நான்கு மடங்கு. அதை வெல்லத் தேவையான திறன் எட்டு மடங்கு. சமதரையில் 36 கி.மீ. வேகத்தில் போகிறவன் சுமார் 200 வாட் வரை காற்றுக்கே கொடுக்கிறான். அந்தத் தடையில் ஏறக்குறைய முக்கால் பங்கு யாரால்? சைக்கிளால் அல்ல, மேலே உட்கார்ந்திருக்கும் ஆளால்! முதுகைத் தாழ்த்தி, முழங்கையை ஒடுக்கி, காற்றில் படபடக்காத இறுக்கமான சட்டை போட்டால் அதில் 40 வாட் மிச்சமாகலாம். இதற்கு எந்தக் கடையில் பில் போடுறாங்க?

1989 டூர் டி பிரான்ஸ் கடைசி நாள். வெர்சாயிலிருந்து பாரிஸுக்கு 24.5 கி.மீ. அமெரிக்காவின் கிரெக் லெமாண்ட் 50 விநாடி பின்தங்கியிருந்தார். முழங்கையை ஊன்றிக் குனியும் நீட்டுக் கைப்பிடியை ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு வந்தார். டிரையத்லான்காரர்கள் ஏற்கெனவே பயன்படுத்திய கைப்பிடிதான் அது. பினியோனை முந்தி, மொத்தத்தில் 8 விநாடியில் பட்டத்தை வென்றார். அவர் உட்கார்ந்த விதத்துக்கும் அதில் பெரிய பங்கு உண்டு.

இனி நம்ம மலைக்கு வருவோம். சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவு. சுமார் 1,200 மீட்டர் ஏற்றம். ஆளும் சைக்கிளும் சேர்ந்து 75 கிலோ, 5 சதவீதச் சரிவு, 12 கி.மீ. வேகம் என்றால், எடையைத் தூக்கவே 120 வாட் போகுது. காற்றுக்கு 10 வாட்கூட இல்லை! அங்கே உதவுவது பின்சக்கரத்தில் இருக்கும் பெரிய பல்சக்கரம்தான்.

இறங்கும்போது? ஏறியபோது சேர்த்த சக்தி முழுவதும் காற்றிலும் பிரேக்கிலும்தான் தீரணும். அது இரண்டரை லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் அளவு! மெதுவாக, பிரேக்கைப் பிடித்தபடியே இறங்கினால் பெரும்பகுதி ரிம்முக்குத்தான் போகும். ரிம் பிரேக் போட்ட கார்பன் சக்கரம் நீண்ட இறக்கத்தில் சூடேறிக் கெட்டுப்போகக் கூடும். பக்கக் காற்றும் ஆளைத் தள்ளும். அதனால்தான் ஹவாய் அயர்ன்மேனில் முழுத் தட்டுச் சக்கரத்துக்கே தடை.

ஆகவே என் கருத்து இதுதான். முதலில் நல்ல பிரேக்கும் ஹெல்மெட்டும். அடுத்து உடம்புக்கேற்ற சீட் உயரம், நல்ல டயர், ஏற்றத்துக்கேற்ற கியர். பிறகு நீட்டுக் கைப்பிடி. கார்பன் வீல் கடைசி. காசு மிஞ்சினால் மட்டும்.

நம்பாதவர்கள் சோதித்துப் பாருங்க. வண்டி வராத சமதரையில், ஒரே வேகத்தில் வந்து மிதிப்பதை நிறுத்துங்க. நிமிர்ந்து ஒரு தடவை, குனிந்து ஒரு தடவை. எவ்வளவு தூரம் ஓடுதுன்னு டேப் பிடிங்க.

மாணவர் பேரவைக்கு ஒரு வேண்டுகோள். கியர் சைக்கிள் இரண்டு வாங்கி ஒர்க்‌ஷாப்பில் பொதுவில் வையுங்கள். பராமரிப்பை நாங்க பார்த்துக்கறோம். மிளகு வித்த காசு மிளகு வித்தவங்க வீட்டிலேயே இருக்கட்டும்!