திடலை என்ன செய்தீர்கள்?

ரோமாபுரிச் சக்கரவர்த்திகள் கொடுங்கோலர்கள் என்றுதான் படித்திருக்கிறோம். இருக்கட்டும். ஆனால் வெஸ்பாசியன் என்ற சக்கரவர்த்தி ஒரு காரியம் செய்தான். அவனுக்கு முன்னால் ஆண்ட நீரோ, ஊர் நடுவே தன் அரண்மனைக்காக ஒரு குளம் வெட்டி வைத்திருந்தான். வெஸ்பாசியன் அதைத் தூர்த்து, அதே இடத்தில் சனம் உட்கார்ந்து விளையாட்டுப் பார்க்க ஓர் அரங்கம் எழுப்பினான். அதுதான் கொலோசியம். கி.பி. 80-இல் அவன் மகன் டைட்டஸ் அதைத் திறந்து வைத்து நூறு நாள் விளையாட்டு நடத்தினான். பார்க்க வந்தவனிடம் காசு கேட்கவில்லை. ராசா வளைத்துப் போட்ட நிலம் சனத்துக்குத் திரும்பியது.

மலேசியாவில் எங்கள் கோலசிலாங்கூரிலும் அதற்கு மேலே பத்தாங் பெர்ஜுந்தை, புக்கிட் தாகார் பக்கத்திலும் நடந்தது இதற்கு நேர் தலைகீழ். சனம் ஆடிய திடல் கம்பெனிக்குப் போனது. (2007-இலிருந்து பெஸ்தாரி ஜெயா என்று சொல்லவேண்டுமாம். எனக்கு வாயில் வருவது பத்தாங் பெர்ஜுந்தைதான்.)

ரப்பர் தோட்டத்தில் பிறக்காதவர்களுக்குத் திடல் என்றால் வெறும் புல் தரை. எங்களுக்கு அப்படி இல்லை. விடியாத இருட்டில் பெயர் கூப்பிடும் பெரட்டு, பிறகு பால் வெட்டு, மங்கு துடைப்பது, வாளி சுமப்பது, ஸ்டோரில் பால் நிறுப்பது, நிறுவையில் குறைந்ததற்கு ஏச்சு. நாள் முழுவதும் உடம்பு தோட்டத்துக்குச் சொந்தம். சாயங்காலம் ஐந்து மணிக்குத் திடலில் கால் வைத்த பிறகுதான் அந்த உடம்பு நமக்குச் சொந்தம். வெறுங்காலில்தான் பந்து. கோல் கம்பத்துக்குக் காட்டு மரம். ஒரு மூலையில் சின்னப் பையன்கள் சடுகுடு பாடிக்கொண்டிருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை பக்கத்துத் தோட்டத்து ஆட்கள் லோரியில் வந்து இறங்கினால் நாங்கள் குடியிருந்த லயமே காலியாகிவிடும். ஐயா பிள்ளை, கங்காணி பிள்ளை, அப்பன் இல்லாத பிள்ளை எல்லாம் ஒரே அணி. திருவிழாவிலும் அதே திடல், கூத்திலும் அதே திடல். அவசரகாலத்தில், 1948-க்கும் 1960-க்கும் இடையில், லயங்களைச் சுற்றி முள்கம்பி போட்டிருந்தபோதும் தகவல் இலாகா வண்டி வந்து திரை கட்டியது. முதலில் சர்க்கார் பிரசாரம், அதைச் சகித்துக்கொண்டால் பிறகு படம். திரைக்கு முன்னால் இடமில்லாதவர்கள் பின்னால் போய் உட்கார்வார்களாம். அங்கே கதாநாயகன் இடது கையால் வாள் வீசுவான் என்று அப்பா சொல்லிச் சிரிப்பார்.

துரை மனமிரங்கிக் கொடுத்த தர்மம் இந்தத் திடல் என்று யாராவது சொன்னால் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. கள்ளுக்கடையும் துரை கொடுத்ததுதானே! கூலியைக் கொடுத்து அதில் பாதியைக் கள்ளாக ஊற்றித் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை பந்தடித்துக் களைத்தவன் திங்கட்கிழமை வேலைநிறுத்தம் பேசமாட்டான் என்பது அவர்கள் கணக்கு. அந்தக் கணக்கு 1941-இல் தப்பியது. கிள்ளான் வட்டாரத் தோட்டத் தமிழர்கள் ஆர்.எச். நாதன் தலைமையில் வேலையை நிறுத்தினார்கள். கேட்டது என்ன? கூலி உயர்வு. கள்ளுக்கடையை மூடு. துரையும் கிராணியும் எதிரே வந்தால் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்கச் சொல்லாதே. பொழுதுபோக்கு என்று ஊற்றிக் கொடுத்ததையே வேண்டாம் என்று தள்ளிய சனம் அது! பதிலுக்குப் பட்டாளம் வந்தது. சுட்டதில் ஐந்து பேர் செத்தார்கள். நாதனை இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள். கள்ளுக்கடையை மூடு என்று கேட்டவர்கள், திடலை மூடு என்று கேட்கவில்லை. எது நம்முடையது, எது நம்மை மயக்க வந்தது என்று அந்தப் படிக்காத சனத்துக்குத் தெரிந்திருந்தது.

கொலோசியத்திலும் உட்கார வரிசை இருந்தது. முன்னால் செனட்டர்கள், உச்சியில் பெண்களும் அடிமைகளும். எங்கள் தோட்டத்து விளையாட்டு விழாவிலும் துரைக்கும் துரைசாணிக்கும் கொட்டகை, பின்னால் கிராணிமார், வெயிலில் நாங்கள். ஆனால் ரோமில் வாளெடுத்து ஆடிய அடிமைக்குக்கூட ஒரு வழி இருந்தது. நன்றாக ஆடியவன் கையில் ஒரு மரவாளைக் கொடுத்து விடுதலை செய்வார்கள். எங்கள் ஆட்கள் ஜெயித்த கப்பு ஆபீசுக் கண்ணாடி அலமாரிக்குப் போனது. ஆடியவன் மறுநாள் பெரட்டுக்குப் போனான். தோட்டம் விற்றபோது அலமாரியோடு கப்பும் போய்விட்டது. யாரிடம் கேட்பது?

அந்த வெறுங்கால் ஆட்டம் வீண் ஆட்டமில்லை. சிலாங்கூருக்கும் மலேசியாவுக்கும் கோல் காத்த ஆர். ஆறுமுகத்தை 'ஸ்பைடர்மேன்' என்று நாடே கொண்டாடியது. 1980-இல் மெர்டேக்கா அரங்கில் தென் கொரியாவைத் தோற்கடித்து மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற குழுவில் அவர் இருந்தார். நாடு அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணித்ததால் போகமுடியவில்லை. தோட்டத்தில் கோல் காக்கிற ஒவ்வொரு பையனும் அப்போது ஆறுமுகம்தான். இன்றைக்குத் தேசியக் குழுப் பட்டியலில் நம் பெயரை விரல் வைத்துத் தேடவேண்டியிருக்கிறது. ஏன் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் 'நம் பசங்களுக்கு ஆர்வமில்லை' என்கிறார்கள். ஆர்வமா இல்லை? ஆட இடம் எங்கே ஐயா?

மேரி, நைகல் கார்ட்னர், சுங்கை திங்கி, மின்யாக், புக்கிட் தாகார் என்ற ஐந்து தோட்டத்து மக்கள், வாழ்ந்த நிலம் கைமாறிய பிறகு ஒரு வீட்டுக்காக இருபது வருடத்துக்கு மேல் அலைந்தார்கள். வீட்டுக்கே அந்த அலைச்சல் என்றால் திடலுக்கு யார் வாய் திறப்பார்? எங்கள் தோட்டத்தில் முதலில் கோல் கம்பத்தைப் பிடுங்கினார்கள். புல்லை வெட்ட ஆள் வரவில்லை. பிறகு ஒருநாள் செம்பனைக் கன்று இறக்கினார்கள். வெளிநாட்டு ஆட்கள் வந்து நட்டுவிட்டுப் போனார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை, அவர்களும் கூலிக்கு வந்தவர்கள்தான்.

ஆனால் வேடிக்கைக்கு மட்டும் பஞ்சமே வைக்கவில்லை. 2007 ஏப்ரலில் எங்கள் பக்கத்து ஈஜோக்கில் இடைத்தேர்தல். ம.இ.கா.வின் பார்த்திபனும் கெஅடிலான் கட்சியின் காலிட் இப்ராகிமும் நின்றார்கள். அடேயப்பா! எத்தனை காலமாகக் கேட்டும் வராத தார் ரோடு சில நாளில் வந்தது. மேடை, விருந்து, வாத்தியம், கொடி, தொப்பி. நாட்டில் உள்ள அமைச்சர்கள் எல்லாம் எங்கள் லயத்துத் திண்ணையில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்தார்கள். மூன்று வருடம் கழித்து உலுசிலாங்கூர் இடைத்தேர்தலில் மறுபடியும் அதே கூத்து. இரண்டு கட்சிக்காரர்களுமே எங்களுக்கு விளையாட்டுக் காட்டினார்கள். நாங்கள் விளையாட ஓர் ஏக்கர் எழுதிக்கொடுக்கிறேன் என்று ஒருவர் வாயிலிருந்தும் வரவில்லை.

இப்போது மாநாடு போட்டுப் பேசுகிறார்கள், இந்தியப் பிள்ளைகள் குண்டர் கும்பலில் சேர்கிறார்களாம். சேராமல்? மூன்று அறை அடுக்குமாடியில் எட்டுப் பேர். கார் நிறுத்தும் இடத்தில் பந்து உருட்டினால் மேலேயிருந்து தண்ணீர் ஊற்றுகிறார்கள். தாமான் ஓரத்து ஃபுட்சால் கொட்டகைக்கு மணிக்கணக்கில் வாடகை. பத்துப் பையன்கள் சில்லறை சேர்த்துக் கட்டி ஆடுகிறார்கள், நேரம் முடிந்தால் விளக்கை அணைத்து விரட்டுகிறார்கள். காசில்லாதவன் கம்பிக்கு வெளியே நிற்கிறான். அவனிடம் போய்ப் பேசத்தான் வேறொருவன் மோட்டார் சைக்கிளில் வருகிறான்.

வீடமைப்புத் திட்டம் என்றால் பத்தில் ஒரு பங்கு திறந்தவெளி விடவேண்டும் என்பார்கள். எங்கள் தாமானில் அந்தப் பங்கு மழைநீர்க் குட்டையாகவும் மின்கம்பிக்குக் கீழே சரிவாகவும் கிடக்கிறது. அடுத்த தேர்தலுக்கு வரும்போது தொப்பி கொண்டு வராதீர்கள். எங்கள் தோட்டத்துப் பழைய வரைபடம் நில இலாகாவில் இருக்கும். அதைக் கொண்டுவந்து விரித்து, திடல் எந்த லாட்டில் இருந்தது, யார் பெயருக்கு மாறியது, யார் கையெழுத்துப் போட்டார் என்று விரலை வைத்துக் காட்டுங்கள்.