பூட்டு ஸ்பிரிங்கும் காந்தச் சோதனையும்

திண்டுக்கல் பூட்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நாகல்நகரிலும் நல்லாம்பட்டியிலும் லிவர்களைக் கையால் அராவிப் பொருத்தும் தொழிலாளர்களின் திறமைக்கு அது தகும். அந்த லிவர்களை அழுத்திப் பிடிக்கும் ஸ்பிரிங்கைப் பற்றித்தான் நாம் அதிகம் பேசுவதில்லை. சிறுமலையின் ஈரக்காற்றில் தொங்கும் பூட்டில் முதலில் கவலைப்பட வேண்டியது அதைப் பற்றித்தான். மெல்லிய உருக்கு, கொஞ்சம் துரு ஏறினாலே போதும், முறிந்துவிடும்.

துருவுக்கு அஞ்சி எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) கம்பிக்கு மாறுகிறவர்களை ஒரு பழைய நம்பிக்கை தடுமாற வைக்கிறது: காந்தம் ஒட்டினால் சரக்கு போலி. ஸ்பிரிங் கம்பிக்கு இது பொருந்தாது. 302, 304 ரகங்கள் மென்பதத்தில் காந்தத்தில் ஒட்டுவதில்லை. அதே உலோகத்தை டையில் குளிர்நிலையில் இழுக்கும்போது உள்ளிருக்கும் ஆஸ்டெனைட்டின் ஒரு பகுதி மார்ட்டென்சைட்டாக மாறுகிறது. காந்த ஈர்ப்பும் வருகிறது, வலுவும் ஏறுகிறது. நல்ல எஸ்.எஸ். ஸ்பிரிங் கம்பி காந்தத்தில் லேசாக ஒட்டத்தான் செய்யும். அழுத்தி இழுத்துச் செய்த எவர்சில்வர் டம்ளரின் விளிம்பில் காந்தத்தை வைத்துப் பாருங்கள், அங்கும் இதுவே நடந்திருக்கும்.

கார்பன் உருக்குக்குப் பழகிய கை இங்கே ஒரு தவறு செய்யும். எஸ்.எஸ். ஸ்பிரிங்கையும் செக்கச்சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்தால், 1000 டிகிரி செல்சியஸைத் தாண்டிய சூட்டில் மார்ட்டென்சைட் கரைந்து, கம்பி மென்பதத்துக்கே திரும்பிவிடும். சுற்றிய பிறகு 330 டிகிரி வாக்கில் அரை மணி நேரம் வைத்தால் போதும். காந்தத்தின் உண்மையான பயன் இங்கேதான்: முன்பு ஒட்டிய ஸ்பிரிங் காய்ச்சிய பிறகு ஒட்டவில்லை என்றால், அதைக் கழித்துவிடலாம்.

ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். பதம் ஏற்றினால் ஸ்பிரிங் விறைப்பாகும் என்பதும் சரியல்ல. உருக்கின் மீள்மைக் குணகம் சுமார் 200 கிகாபாஸ்கல். பதம் அதை அநேகமாக அசைப்பதில்லை. பதத்தால் உயர்வது மீள்மை எல்லை. அதாவது, வளைத்து விட்டால் பழைய நிலைக்குத் திரும்பும் அளவு. விறைப்பு வேண்டுமானால் அளவைப் பாருங்கள்: தட்டை ஸ்பிரிங்கின் கனம் பத்தில் ஒரு பங்கு கூடினால் விசை மூன்றில் ஒரு பங்கு கூடும். சாவி கனமாகத் திரும்புகிறது என்று வாடிக்கையாளர் சொன்னால், உலையைக் குறைசொல்லும் முன் தகட்டை மைக்ரோமீட்டரில் அளந்துவிடுங்கள். கம்பி வாங்கும்போது ரகம், விட்டம், இழுவலிமை மூன்றும் எழுதிய சோதனைச் சான்றைக் கேட்டு வாங்குங்கள்.