பதிவேட்டில் பெயரில்லாத பட்டாசுத் தொழிலாளர் குறித்த கோரிக்கை மனு

அனுப்புநர்: பட்டாசுத் தொழிலாளர் சங்கத்தார், தாயில்பட்டி, வெம்பக்கோட்டை வட்டம்.

பெறுநர்: மாவட்ட ஆட்சியர் அவர்கள், விருதுநகர்.

பொருள்: பதிவில்லாமல் ஆள் வைத்து வேலைவாங்கும் ஆலைகள் மீது நடவடிக்கை கோருதல்.



எங்கள் வட்டாரப் பட்டாசு ஆலைகளில் வேலைபார்க்கும் பலருடைய பெயர் பதிவேட்டில் இல்லை. அது இருப்பதெல்லாம் உள்குத்தகைக்காரரின் கூலி நோட்டில்தான்: இத்தனை குழாய், இவ்வளவு ரூபாய். சனிக்கிழமை கணக்கு முடிந்தால் அதுவும் மிஞ்சாது. உரிமம் ஒருவர் பெயரில் இருக்கும். அறைகள் நாலைந்து பேர் கையில் இருக்கும். 2021 பிப்ரவரி 12 அன்று நேர்ந்த வெடிவிபத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்ட அச்சங்குளம் ஆலை இப்படித்தான் பலருக்கு விடப்பட்டிருந்தது என்பது தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அமைத்த குழுவின் விசாரணையில் வெளிவந்தது. பெயரை எழுதாததால் மிச்சமாவது எவ்வளவு? நாள்கூலி 600 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், இ.எஸ்.ஐ.க்கு முதலாளி பங்கு 3.25 சதவீதம்: 19 ரூபாய் 50 காசு. பதிவான தொழிலாளி வேலையிடத்தில் இறந்தால், சேர்ந்து ஒரு நாளே ஆகியிருந்தாலும், கூலியில் 90 சதவீதம் வரை குடும்பத்துக்கு உதவித்தொகை உண்டு. பதிவில்லாதவரின் குடும்பமோ, அவர் அங்கே வேலைபார்த்தார் என்பதையே முதலில் நிரூபிக்க வேண்டும். அச்சங்குளத்தில் இறந்தவர்களுக்கு மாநில அரசு சார்பில் தலா 3 லட்சம் ரூபாயும் பிரதமர் நிவாரண நிதியிலிருந்து 2 லட்சம் ரூபாயும் அறிவிக்கப்பட்டன. ஆலைக்காரர் பிடித்த மிச்சத்துக்குப் பொதுப்பணம் ஈடுகட்டுகிறது.

தொழிலாளர்களே பிடித்தம் வேண்டாம் என்கிறார்களே என்பார்கள். சிலர் சொல்வது உண்மைதான், மறைக்கவில்லை. அவர்கள் பங்கு 4 ரூபாய் 50 காசு. அதற்காக யாரும் தயங்கவில்லை. பெயர் கொடுத்தால் தீபாவளி நெருக்கத்தில் வேறு ஆலைக்கு மாற முடியாதோ என்ற பயம்தான். இ.எஸ்.ஐ. எண் ஆளோடு போகும் என்று விளக்கிச் சொல்வாரில்லை. கெடுபிடி செய்தால் வேலை வீடுகளுக்குள் போய்விடும் என்பது இன்னொரு வாதம். போய் வெகுநாளாகிறது. 2021 ஜூனில் இதே தாயில்பட்டியில் வீட்டில் நேர்ந்த வெடிவிபத்தில் கர்ப்பிணிப் பெண்ணும் குழந்தையும் இறந்தார்கள். வீட்டுக்குப் போகும் மருந்தும் யாரோ ஒருவர் கொள்முதல் செய்ததுதானே?

ஆகவே எங்கள் கோரிக்கை சரக்கிலிருந்து தொடங்குகிறது. சோதனை வரும் சேதி ஜீப்புக்கு முன்னால் வந்துவிடுகிறது. ஆட்கள் பின்வழியாகப் போய்விடுகிறார்கள். வாங்கிய வெடியுப்பு, கந்தகம், அலுமினியப் பவுடரும் அனுப்பிய பெட்டிகளும் ஜி.எஸ்.டி. பில்லில் இருக்கின்றன, அவை ஓடாது. அத்தனை பெட்டிக்கு எத்தனை கை வேண்டும் என்று எந்த போர்மேனும் சொல்லிவிடுவார். நாற்பது பேர் செய்திருக்கக்கூடிய சரக்குக்குப் பதினைந்து பெயர்தான் இருந்தால், மீதிப் பேர் எங்கே என்று உரிமதாரரைக் கேளுங்கள். தொழிலகப் பாதுகாப்புத் துறையும் வெடிபொருள் கட்டுப்பாட்டுத் துறையும் இ.எஸ்.ஐ. நிறுவனமும் சேர்ந்து காலாண்டுக்கு ஒருமுறை இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும். அது சரியாகாமல் உரிமம் புதுப்பிக்கக் கூடாது. குத்தகை யாரிடம் இருந்தாலும் உரிமதாரரையே முதலாளியாகக் கொள்ள வேண்டும். விடுபட்ட பெயர்களைத் தாமாகச் சேர்ப்பவர்களுக்கு மூன்று மாத அவகாசம் தருவதில் எங்களுக்கு ஆட்சேபணை இல்லை. உள்குத்தகை விட்டவர்களுக்கு மட்டும் அந்தச் சலுகை கூடாது.

இப்படிக்கு,
சங்கத்தார், தாயில்பட்டி.