டாக்டரா, தொழிலதிபரா... யார் முக்கியம்? ஒரு மாத்திரையின் விலை சொல்லும் கதை!

பள்ளிக்கூடப் பேச்சுப் போட்டியில் தொடங்கி பண்டிகை நாள் பட்டிமன்றம் வரை சலிக்காமல் வந்து போகும் தலைப்பு இது. 'சமூகத்துக்கு அதிகம் தேவை டாக்டரா, தொழிலதிபரா?' டாக்டர் அணிக்குக் கைதட்டல் நிச்சயம். 'உயிரே போன பிறகு பணத்தை வைத்து என்ன செய்வது?' என்ற ஒரு கேள்வி போதும், அரங்கம் அவர்கள் பக்கம் சாய்ந்துவிடும். எதிரணி வேலைவாய்ப்பு, வரி, அந்நியச் செலாவணி என்று மூச்சு வாங்கும். கடைசியில் நடுவர், 'இரண்டுமே இரு கண்கள்' என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவார்.

மேடையை விட்டு இறங்கி, ஒரு நோயை வைத்து இதே கேள்வியைக் கேட்டால் பதில் அவ்வளவு சுலபமாக இல்லை. அந்த நோய் எய்ட்ஸ். இந்தியாவில் அதன் கதை தொடங்கியதே சென்னையில்தான்.

1985-ன் இறுதி. சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் மேற்படிப்பு படித்துக்கொண்டிருந்தார் நிர்மலா. வயது 32. 'எய்ட்ஸ் கிருமி இங்கே இருக்கிறதா என்று ஆய்வு செய்' என்று அவருக்குத் தலைப்புக் கொடுத்தவர், பேராசிரியர் டாக்டர் சுனிதி சாலமன். அது அமெரிக்காக்காரர்களின் நோய், நம் ஊருக்கு வராது என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்த காலம். பாலியல் தொழிலில் இருந்த பெண்களைச் சந்தித்துப் பேசி, 80 பேரிடம் ரத்த மாதிரி எடுத்தார் நிர்மலா. ஸ்கூட்டரில் கொண்டுபோய் இறக்கிவிட்டவர் கணவர். மாதிரிகளைப் பாதுகாக்க வசதி இல்லாததால், அவை இருந்தது வீட்டு ஃப்ரிட்ஜில்!

பரிசோதனை வசதி சென்னையில் கிடையாது. 1986 பிப்ரவரியில் மாதிரிகளை ஐஸ் பெட்டியில் வைத்துக்கொண்டு, கணவருடன் இரவு ரயிலில் காட்பாடிக்குப் போனார். வேலூர் சி.எம்.சி-யில் சோதித்தபோது ஆறு மாதிரிகள் மஞ்சளாக மாறின. மறுபடி சோதித்தும் அதே முடிவு. அமெரிக்காவிலும் உறுதியானது. அந்த ஆண்டு மே மாதம் சுகாதாரத் துறை அமைச்சர் ஹண்டே சட்டமன்றத்தில் அறிவிக்க, நாடே அதிர்ந்தது.

இதுவரை டாக்டர்களின் கதை. லாபம் பார்க்கும் யாரும் அந்த ரயிலில் ஏறியிருக்க மாட்டார்கள். (சுனிதி சாலமன் தோல் வியாபாரக் குடும்பத்தில் பிறந்து டாக்டரானவர் என்பது, பட்டிமன்ற நடுவர்களுக்குப் பயன்படக்கூடிய தகவல்.)

ஆனால், கண்டுபிடித்த பிறகு?

சீட்டில் எழுதலாம், கடையில் வாங்க முடியாது

1996-ல் ஒரு பெரிய திருப்பம் வந்தது. மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தால் கிருமியை அடக்கி வைக்கலாம் என்று உறுதியானது. எய்ட்ஸ் என்றால் மரணம் என்ற நிலை, பணக்கார நாடுகளில் ஓரிரு வருடங்களிலேயே மாறியது. அங்கே ஒருவருக்கு ஓர் ஆண்டு மருந்துச் செலவு 10,000 டாலரிலிருந்து 15,000 டாலர் வரை. அன்றைய கணக்கில் பல லட்சம் ரூபாய்.

சென்னையிலோ நைரோபியிலோ இருந்த ஒரு டாக்டரின் நிலையை யோசித்துப் பாருங்கள். எதிரே நோயாளி. என்ன மருந்து, எத்தனை வேளை என்று டாக்டருக்குத் தெரியும். சீட்டில் எழுதவும் முடியும். அதைக் கடையில் நீட்டி வாங்க யாராலும் முடியாது. 1996-க்கும் 2001-க்கும் இடையில் ஆப்பிரிக்காவில் லட்சம் லட்சமாக மனிதர்கள் இறந்தது, மருத்துவ அறிவு இல்லாததால் அல்ல. மருந்தின் மேல் ஒட்டியிருந்த விலையால்தான்.

இந்த விலையை உடைத்தவர் ஒரு தொழிலதிபர். மும்பை சிப்லா நிறுவனத்தின் யூசுஃப் ஹமீத். கேம்பிரிட்ஜில் வேதியியலில் முனைவர் பட்டம் பெற்றவர். 2001 பிப்ரவரியில் அவர் அறிவித்த விலை, உலக மருந்துச் சந்தையைப் புரட்டிப்போட்டது. மூன்று மருந்துகளும் சேர்த்து ஒருவருக்கு ஓர் ஆண்டுக்கு 350 டாலர்! ஒரு நாளைக்கு ஒரு டாலருக்கும் கீழே. அன்றைய மதிப்பில் வருடத்துக்குச் சுமார் 16,000 ரூபாய்.

விலையை விடவும் சுவாரஸ்யமான விஷயம் ஒன்று உண்டு. அந்த மூன்று மருந்துகளும் மேலைநாடுகளில் மூன்று வெவ்வேறு கம்பெனிகளுக்குச் சொந்தம். ஒருவர் மருந்தை இன்னொருவர் தொட முடியாது. அதனால் மூன்றையும் ஒரே மாத்திரையாக அங்கே யாரும் செய்யவில்லை. இந்தியாவின் 1970 காப்புரிமைச் சட்டம், மருந்துகளில் தயாரிப்பு முறைக்கு மட்டுமே உரிமை கொடுத்தது. மருந்துக்கே உரிமை கிடையாது. வேறு வழியில் தயாரித்தால் குற்றம் இல்லை. அதனால், மூன்றையும் ஒன்றாக்கிய மாத்திரையை சிப்லா கொண்டுவந்தது. காலை ஒன்று, இரவு ஒன்று. கை நிறைய மாத்திரைகளை நேரம் பார்த்து விழுங்கவேண்டிய நோயாளிக்கு இது எவ்வளவு பெரிய வித்தியாசம் என்பது, வீட்டில் வயதானவர்களுக்கு மாத்திரை டப்பா பிரித்து வைப்பவர்களுக்குப் புரியும்.

அப்படியானால் தொழிலதிபர் அணிக்கே வெற்றியா?

அவசரப்பட வேண்டாம். அதே 2001-ல், தென்னாப்பிரிக்க அரசு மலிவு மருந்து கொண்டுவர இயற்றிய சட்டத்துக்கு எதிராக 39 மருந்து கம்பெனிகள் நீதிமன்றத்தில் நின்றுகொண்டிருந்தன. உலகம் முழுக்க எழுந்த கண்டனத்துக்குப் பிறகு, ஏப்ரலில்தான் வழக்கைத் திரும்பப் பெற்றன. அவர்களும் தொழிலதிபர்கள்தான். 2015-ல் அமெரிக்காவில் மார்ட்டின் ஷ்க்ரெலி என்பவர், எய்ட்ஸ் நோயாளிகளுக்கும் தேவைப்படும் ஒரு பழைய மாத்திரையின் உரிமையை வாங்கி, 13.50 டாலராக இருந்த விலையை 750 டாலராக உயர்த்தினார். ஒரே ராத்திரியில்! சிப்லாவையும் முழுக்கப் புனிதமாக்கத் தேவையில்லை. வேறு மருந்துகளுக்குக் கூடுதல் விலை வசூலித்ததாக இந்திய அரசுடன் அந்த நிறுவனத்துக்கு நீண்ட வழக்கு உண்டு.

ஹமீத் அந்த 350 டாலர் விலையை அறிவித்தது யாருக்காக? 'எல்லைகளற்ற மருத்துவர்கள்' அமைப்புக்காக. மலிவு விலை வேண்டும் என்று விடாமல் நச்சரித்தவர்களில் டாக்டர்களும் உண்டு, நோயாளிகளும் உண்டு. அந்த அழுத்தம் இல்லாமல் விலை தானாக இறங்கியிருக்கும் என்று நம்ப எந்த ஆதாரமும் இல்லை. இன்னொன்று. அந்த மலிவு மாத்திரையில் இருந்த ஸ்டாவுடின் என்ற மருந்து, நாள்பட நாள்பட நரம்புகளைப் பாதித்தது. கன்னத்துக் கொழுப்பைக் கரைத்து முகத்தையே மாற்றியது. நோயாளிகளைப் பார்த்துக் குறித்து வைத்தவர்கள் டாக்டர்கள். 2009-ல் உலக சுகாதார நிறுவனம், அதைப் படிப்படியாகக் கைவிடச் சொன்னது.

தாம்பரத்தில் முடிந்த வழக்கு

பட்டிமன்றத்தில் இரண்டு அணிதான். நிஜத்தில் மூன்றாவதாக ஒருவர் வந்தார். அரசு. 2004 ஏப்ரல் 1-ம் தேதி இந்தியாவில் எய்ட்ஸ் மருந்து இலவசமாகக் கிடைக்கத் தொடங்கியது. முதலில் தொடங்கிய எட்டு இடங்களில் ஒன்று, தாம்பரம் சானடோரியம். காசநோய்க்காக 1928-ல் உருவான அந்த மருத்துவமனை, அதற்குள் நாட்டிலேயே அதிக எய்ட்ஸ் நோயாளிகள் வந்து சேரும் இடங்களில் ஒன்றாகியிருந்தது. ஆண்டுக்கு 10,000 டாலர் விலையில் இந்தியா போன்ற நாட்டின் அரசால் இதை இலவசமாகக் கொடுத்திருக்க முடியாது. விலை விழுந்த பிறகுதான், 'கொடுக்கலாமே' என்ற பேச்சே எழுந்தது.

யார் முக்கியம் என்று தீர்ப்புச் சொல்லியே ஆகவேண்டும் என்றால், முதல் பத்து ஆண்டுகளில் டாக்டர். 1996-க்குப் பிறகு, விலையைக் கையில் வைத்திருந்தவர். ஒரு டாக்டர் கை விரித்தால் நோயாளி இன்னொரு டாக்டரிடம் போகலாம். மருந்தின் உரிமை ஒரே ஒருவரிடம் இருக்கும்போது, அவர் கை விரித்தால் போக வேறு இடம் இல்லை. அதனால்தான் தொழிலதிபரைப் பாராட்டுவதை விட, அவரை இடைவிடாமல் கேள்வி கேட்பது அவசியமாகிறது.

இந்தக் கதை பழையதும் இல்லை. எச்.ஐ.வி வராமலேயே தடுக்க, ஆறு மாதத்துக்கு ஒருமுறை போட்டுக்கொள்ளும் லெனகாபவிர் என்ற ஊசிக்கு 2025 ஜூனில் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. அங்கே ஓர் ஆண்டு விலை 28,000 டாலருக்கு மேல். அடுத்த மூன்றே மாதத்தில் இன்னோர் அறிவிப்பு வந்தது. ஹைதராபாத்தைச் சேர்ந்த டாக்டர் ரெட்டீஸ், ஹெட்டரோ ஆகிய நிறுவனங்கள் 2027-லிருந்து அதே மருந்தை, அனுமதிக்கப்பட்ட 120 நாடுகளுக்குத் தரப்போகின்றன. ஓர் ஆண்டுக்கு 40 டாலர்!

அந்த 120 நாடுகளின் பட்டியலில் பிரேசில் இல்லை. ஊசியைச் சோதித்துப் பார்க்க ஆட்களைக் கொடுத்த நாடுகளில் பிரேசிலும் ஒன்று.